ஊருக்குள் எத்தனை பேர்? செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் நிலமும் மக்கள் தொகையும்

செட்டிநாட்டில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "இந்த ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இரண்டாயிரம் என்பார். எதிர்வரிசையில் இருப்பவர் அதை மறுத்து, ஐயாயிரத்துக்குக் குறையாது என்பார். பரிமாற வந்தவரோ, "ஊர்ல யாரு இருக்கா, எல்லாம் பூட்டுதான்" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விடுவார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் மனத்தில் இருப்பது தெருக்களும் வீடுகளும் மட்டுமே சேர்ந்த ஊர்; இரண்டாமவர் பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக் கொண்டார்; மூன்றாமவர் அன்று காலையில் தம் கண்ணில் பட்ட கதவுகளை எண்ணினார்.

"ஊர்", "மக்கள் தொகை" என்ற இரண்டு சொற்களையும் நாம் தினமும் புழங்குகிறோம். அதனாலேயே அவற்றுக்கு வரையறை வேண்டும் என்ற நினைப்பு நமக்கு வருவதில்லை. ஓர் ஊரைப் பற்றிய எந்த எண்ணைக் கேட்டாலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: எந்த எல்லைக்குள் எண்ணினார்கள்? யாரை எண்ணினார்கள்? இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

ஒரே பெயர், பல எல்லைகள்

ஒரே மனிதர் தம் வீட்டில் அப்பச்சியாகவும், மாமனார் வீட்டில் மாப்பிள்ளையாகவும், கோயில் கணக்கில் ஒரு பங்காளியாகவும் இருப்பதைப் போல, ஒரே ஊர்ப் பெயரும் கேட்கும் அலுவலகத்துக்கு ஏற்ப வெவ்வேறு நிலப்பரப்பைக் குறிக்கும்.

பேச்சு வழக்கில் ஊர் என்பது வீடுகள் இருக்கும் இடம். வருவாய்த் துறை இதை நத்தம் என்று சொல்லும். பத்துப் பதினைந்து தெருக்கள், ஒரு சிவன் கோயில், ஒரு பெருமாள் கோயில், ஓர் ஊருணி, அவ்வளவுதான். ஆனால் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அதே பெயரைச் சொன்னால் அவர் எடுத்துக்கொள்வது வருவாய்க் கிராமம். சர்வே எண் போட்டு அளந்து, "அ" பதிவேட்டில் ஏற்றப்பட்ட நிலம் முழுவதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். அதற்குள் வயல், தரிசு, கண்மாய், சுடுகாடு, பாதை, புறம்போக்கு எல்லாமே அடங்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நான்கைந்து குடியிருப்புகள் இருக்கலாம். நன்கு பேர் பெற்ற ஒரு குடியிருப்புக்குத் தனி வருவாய்க் கிராமம் இல்லாமல், அது பக்கத்து ஊரின் பெயருக்குள் அடங்கிக் கிடக்கவும் கூடும்.

மூன்றாவது, உள்ளாட்சி எல்லை. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, தேர்தல் ஆகியவற்றுக்கான எல்லை இது. சிறிய இடமாக இருந்தால் ஊராட்சி, சற்றுப் பெரிதாகவும் வருமானம் உள்ளதாகவும் இருந்தால் பேரூராட்சி. இந்த எல்லை வருவாய்க் கிராமத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அஞ்சல் எல்லை நான்காவது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் அஞ்சல் குறியீடு 630 என்று தொடங்கும். ஓர் அஞ்சலகத்தின் கீழ்ப் பல ஊர்கள் வருவதால், முகவரியில் எழுதும் ஊரும் வீடு உண்மையில் இருக்கும் ஊரும் வேறாக இருப்பது இங்கே சாதாரணம்.

"செட்டிநாடு" என்ற பெயருக்கே அரசுப் பதிவில் எல்லை கிடையாது. அந்தப் பெயரில் மாவட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி முதலியவை சிவகங்கை மாவட்டத்திலும், இராயவரம், கடியாபட்டி முதலியவை புதுக்கோட்டை மாவட்டத்திலும் உள்ளன. இந்தப் பிரிவு நேற்று வந்ததும் அன்று. 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சிவகங்கைப் பக்கம் சென்னை மாகாணத்துக்குள் இருந்த ஜமீன். ஒரே மாதிரி வீடு கட்டி, ஒரே மாதிரி பணியாரம் சுட்டு, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் இரண்டு அரசாங்கங்களின் கணக்கில் இருந்தன. எனவே "செட்டிநாட்டின் மக்கள் தொகை" என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தெந்த ஊர்களைச் சேர்த்துக் கூட்டினீர்கள் என்று கேட்ட பிறகே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

இதுவரை வந்தது: ஊர் என்பது நத்தம், வருவாய்க் கிராமம், உள்ளாட்சி, அஞ்சல் என்று பல எல்லைகளின் பொதுப் பெயர். அரசின் மக்கள் தொகைக் கணக்கு வருவாய்க் கிராமத்தையோ உள்ளாட்சி எல்லையையோ பின்பற்றும். தெருவில் நின்று நாம் பார்க்கும் ஊரை அன்று.

நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது

எந்த ஊரின் நிலவியலையும் புரிந்துகொள்ள, செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், அதாவது நடு முற்றமுள்ள உள்கட்டில், மழைநாளில் நின்றால் போதும். நான்கு புறத்து ஓட்டுக் கூரையும் நடு முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். நான்கு மூலையிலும் தண்ணீர் திரண்டு விழும். அதைப் பிடிக்க அண்டா வைத்திருப்பார்கள். அண்டா நிறைந்தால் முற்றத்தில் வழிந்து, கல்லால் மூடிய வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவின் சாய்வில் ஓடி ஊருணியைச் சேரும். மேட்டில் விழுவது, தாழ்வில் தேங்குவது, மிஞ்சுவது அடுத்த தாழ்வுக்குப் போவது. ஊரின் அமைப்பும் இதே விதிதான், அளவு மட்டும் பெரிது.

இந்தப் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே பாக் நீரிணையை நோக்கி மிக மெல்லச் சாய்கிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். கேட்பதற்கு இது குறைவாகத் தோன்றாது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், சில பெருமழை நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தரையோ பல இடங்களில் செம்புறாங்கல். இரும்புச் சத்து மிகுந்த இந்தச் சிவப்புப் பாறை, வெட்டும்போது சற்று இளகியிருந்து காற்றுப்பட்டதும் இறுகிவிடும். பழைய ஊருணிச் சுவர்களையும் கோயில் மதில்களையும் உற்றுப் பார்த்தால், தேன்கூடு போலத் துளை துளையாக இருக்கும் அந்தக் கல்லைக் காணலாம். மழை சில நாட்களில் கொட்டுகிறது, பாறை இறுகியிருக்கிறது, ஆறும் இல்லை என்றால், ஓடும் நீரை நிறுத்தி வைப்பது ஒன்றே வழி. அந்த வேலையைச் செய்வதுதான் கண்மாய்.

கண்மாயைக் குளம் என்று எண்ணிக்கொள்வது பொதுவான பிழை. குளம் தோண்டியது, கண்மாய் மறித்தது. சாய்வான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டால், வரத்துக் கால் வழியாக வரும் மழைநீர் கரையில் வந்து நிற்கும். வயலுக்கு நீர் விடும் வாய் மடை. மிகுதி வழிந்து போகக் கட்டிய கல்லணை கலுங்கு. அந்த மடை நீரால் விளையும் நிலம் ஆயக்கட்டு. மேல்கண்மாயின் கலுங்கில் வழிந்தது கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும். இப்படி ஊர் ஊராகச் சங்கிலி போல் கோக்கப்பட்டிருப்பதால், மேலூர்க்காரர் கலுங்கை உயர்த்தினால் கீழூர்க்காரர் சண்டைக்கு வருவார். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறைக்கு உரியவை.

ஊருணி வேறு. அது குடிக்கவும் புழங்கவும் ஊருக்குள்ளேயே அமைத்தது; படித்துறை இருக்கும்; பாசனத்துக்கு மடை இராது. காரைக்குடிக்குக் கூடுதலாக ஒரு நிலத்தடிப் பேறு உண்டு. சம்பை ஊற்று நீரின் சுவையைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் எளிதில் நிறுத்த மாட்டார்கள்.

ஆக, ஒரு செட்டிநாட்டுச் சிற்றூரின் குறுக்குவெட்டு இப்படி இருக்கும்: மேட்டில் வீடுகள், அருகே ஊருணி, தாழ்வில் கண்மாய், அதற்குக் கீழே வயல், எஞ்சிய செம்மண் மேடுகளில் தைல மரமும் சீமைக் கருவேலும். வருவாய்க் கிராமத்தின் பரப்பில் மனிதர் குடியிருக்கும் பகுதி மிகச் சிறியது. அடர்த்தியைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

சொந்த ஊரும் இருக்கும் ஊரும்

எல்லை முடிந்தது; இனி, யாரை எண்ணுவது? நம் ஊர்களில் அரசு வருவதற்கு முன்பே ஒரு கணக்கு இருந்தது. திருவிழாவுக்கு வரி போடும்போது, "ஊருக்கு எத்தனை தலைக்கட்டு?" என்று கேட்பார்கள். கல்யாணமான ஆண் ஒருவர், அவர் குடும்பத்தோடு சேர்ந்து, ஒரு தலைக்கட்டு. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடம் இதற்கு இணையானது புள்ளி: கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, கோயிலுக்குப் புள்ளி வரி செலுத்துவார்கள். இந்தக் கணக்கில் குழந்தைகள் தனியாக வருவதில்லை. அதைவிட முக்கியமானது, புள்ளி சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் சொந்த ஊரின் பெயரிலேயே இருக்கும் என்பது. உரிமையையும் கடமையையும் எண்ணும் கணக்கு அது.

சென்சஸ் எண்ணுவது உரிமையை அன்று, இருப்பை. ஒருவர் எங்கே வழக்கமாகத் தங்குகிறாரோ அந்த இடத்தில் அவர் எண்ணப்படுவார். வாக்காளர் அட்டை, பூர்விக வீடு, குலக் கோயில் எதுவும் இதில் குறுக்கிடாது. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு அதன் கணக்கு நேரம். அந்த இருபது நாட்களில் என்றைக்காவது ஒருநாள் தம் வழக்கமான வீட்டில் இருந்தவர் அந்த வீட்டில் எண்ணப்பட்டார். இருபது நாளும் வெளியூரில் இருந்தவர், இருந்த இடத்தில் எண்ணப்பட்டார். முழுக் காலமும் வெளிநாட்டில் இருந்தவர் இந்தியக் கணக்கிலேயே சேரவில்லை. ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்படக் கூடாது, எங்கும் எண்ணப்படாமலும் போகக் கூடாது என்பதற்காகவே கணக்கு நேரம் என்று ஒரு நொடியைக் குறிக்கிறார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தை அந்தக் கணக்கில் இல்லை. அதற்கு முன் இறந்தவரும் இல்லை.

சுருக்கமாக: புள்ளியும் தலைக்கட்டும் ஊருக்குச் சொந்தமானவர்களின் எண்ணிக்கை, மக்கள் தொகை ஊரில் வசிப்பவர்களின் எண்ணிக்கை. வெளியேறியவர்கள் மிகுந்த செட்டிநாட்டில் இவ்விரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும்.

வீட்டை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா

2011-இல் பள்ளி ஆசிரியனாக இருந்த நானும் கணக்கெடுப்புப் பணிக்குப் போனேன். எனக்குக் கொடுத்த வரைபடத்தில் ஒரு தெரு முழுவதற்குமாக ஒரே வீடு. முகப்பு இந்தத் தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முன்வாசலின் தேக்கு நிலைக்கதவில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. பின்பக்கம் சுற்றிப் போனபோது, வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். "வீட்டுல எத்தனை பேருங்கம்மா இருக்கீங்க?" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஆச்சி வீட்டுலயா, எங்க வீட்டுலயா சார்?" என்று திருப்பிக் கேட்டார். காவலுக்கு இருந்த குடும்பம் அது. வளவைச் சுற்றிய அறைகளில் ஒரு ஜீவனும் இல்லை. பின்கட்டில் நான்கு பேர்.

அந்த அம்மாள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சென்சஸில் கட்டடம் வேறு, குடும்பம் வேறு. ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதைச் செட்டிநாட்டில் விளக்குவது எளிது. கல்யாணமான மகனை வேறு வைக்கும் வழக்கம் நகரத்தாரிடம் உண்டு. கூரை ஒன்றே, ஆனால் அரிசியும் அடுப்பும் தனி. அப்படி நான்கு மகன்கள் இருந்த காலத்தில் அந்த ஒரே கட்டடத்தில் பெற்றோரையும் சேர்த்து ஐந்து குடும்பங்கள். இன்று அதே கட்டடத்தில் உரிமையாளர் தரப்பில் ஒரு குடும்பமும் இல்லை. காவல்காரர் குடும்பம் ஒன்று மட்டும். சுவர் ஒன்றுகூட மாறவில்லை, அடுப்புகள் அணைந்திருக்கின்றன. மாளிகைகளைப் பார்த்து ஊரின் மக்கள் தொகையை ஊகிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

அடர்த்தி என்ன சொல்கிறது

மக்கள் அடர்த்தி என்பது ஒரு சதுர கிலோமீட்டரில் சராசரியாக எத்தனை பேர் என்ற கணக்கு. மக்கள் தொகையைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் சுமார் 247 ஏக்கர். கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம்: 4,000 பேர், வருவாய்க் கிராமத்தின் பரப்பு 20 சதுர கிலோமீட்டர். அடர்த்தி 200. ஆனால் அந்த 4,000 பேரும் கண்மாய்க்குள்ளும் தைல மரத் தோப்பிலும் பரவி இருக்கவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நத்தத்தில் இருக்கிறார்கள். அந்தப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி 4,000. இரண்டு விடையும் சரி. கீழே போட்ட எண் வேறு.

2011-இல் தமிழகத்தின் சராசரி அடர்த்தி 555. சிவகங்கை மாவட்டத்தின் மக்கள் தொகை 13,39,101. அடர்த்தி ஏறத்தாழ 320. மாவட்டத்தில் இடம் தாராளம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் காரைக்குடி பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்பவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். அந்த நகராட்சி எல்லைக்குள் மட்டும் அப்போது 1,06,714 பேர் இருந்தார்கள்.

கூடுவதும் குறைவதும்

ஓர் ஊரின் மக்கள் தொகைக்கு நான்கு வாசல்கள் உண்டு: பிறப்பு, இறப்பு, வந்து குடியேறுதல், வெளியேறுதல். முதல் இரண்டின் வித்தியாசத்தை இயற்கைப் பெருக்கம் என்றும், பின் இரண்டின் வித்தியாசத்தை நிகர இடப்பெயர்வு என்றும் சொல்வார்கள். செட்டிநாட்டுக் கதை பெரும்பாலும் நான்காவது வாசலின் கதை. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித்தொழிலுக்குப் போன காலத்தில் ஆண்கள் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். சம்பாத்தியம் வீடாக எழுந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். பின்னர் சென்னை, கோவை என்று போனவர்கள் குடும்பத்தோடு போனார்கள். முதல் வகைப் பயணத்தில் ஊர் நிறைந்தே இருந்தது. இரண்டாவது வகையில்தான் பூட்டு விழுந்தது.

ஆண்கள் வேலைக்கு வெளியே இருக்கும் ஊரைப் பாலின விகிதம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு அது. 2011-இல் தமிழகத்துக்கு 996, சிவகங்கை மாவட்டத்துக்கு 1,003. இதை வைத்துப் பெண் குழந்தைகளின் நிலையைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்வது பிழை; அதற்கு ஆறு வயது வரையிலான குழந்தைகளின் விகிதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். முழு விகிதத்தில் ஆண்களின் வெளியேற்றமும், பெண்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்வதும் கலந்திருக்கின்றன.

இவை போக, யாரும் பிறக்காமலும் வராமலும் மக்கள் தொகை மாறும் வழி ஒன்று உண்டு: எல்லையை மாற்றுவது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. இத்தகைய தரம் உயர்வில் சுற்றுப்புற ஊர்களைச் சேர்க்கும்போது நகரின் தொகை ஒரே நாளில் உயரும். சேர்க்கப்பட்ட ஊரின் வரிசை பட்டியலிலிருந்து மறையும். இரண்டு சென்சஸ் எண்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டிலும் எல்லை ஒன்றுதானா என்று பார்க்காதவர்கள், இல்லாத வளர்ச்சியையும் இல்லாத வீழ்ச்சியையும் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதிவிடுகிறார்கள்.

கிராமமா, நகரமா

இதற்கும் விதி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை சட்டப்படி நகரம். அறிவிப்பு இல்லாமலே மூன்று தகுதிகளால் சென்சஸ் ஓர் ஊரை நகரமாகக் கொள்ளும்: குறைந்தது 5,000 பேர், முதன்மைத் தொழில் உள்ள ஆண்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருத்தல், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். அப்படிப்பட்ட ஊர் கணக்கில் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சி. தமிழகத்தின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை 2004-இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுகளில் தெருவில் மாறியது அலுவலகப் பெயர்ப்பலகை மட்டுமே.

அடுத்த எண்ணிக்கை

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் இன்றும் நாம் சுட்டும் எண்கள் 2011-ஐச் சேர்ந்தவை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளை ஒட்டி ஊரில் ஒரு கல்யாணம் வைத்துக்கொண்டால், வளவு கொள்ளாத கூட்டம் இருக்கும், பந்தி நான்கு முறை நடக்கும், தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. 2011-இன் விதியே தொடருமானால், கணக்கெடுப்பாளர் வரும்போது சென்னைக்காரர்கள் சென்னை வீட்டுக் கணக்கிலும், கோவைக்காரர்கள் கோவைக் கணக்கிலும் இருப்பார்கள். அந்த வீட்டிலிருந்து ஊர்க் கணக்கில் ஏறப்போவது பின்கட்டில் அடுப்பு எரியும் குடும்பம் ஒன்றுதான்.